உப்புக் காற்றின் மேல் போட்ட பழி

மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருக்கிற எங்களுக்கு, எது பழுதானாலும் சொல்ல ஒரு காரணம் கையில் இருக்கிறது. கேற்றின் கொண்டி கறள் பிடித்தால் உப்புக் காற்று. கூரைத் தகரம் ஓட்டையானால் உப்புக் காற்று. ஏசியின் வெளிப்பெட்டி அரித்துப் போனால் அதுவும் உப்புக் காற்றுதான். பெரும்பாலும் உண்மையும்கூட. கல்லடியில் கடற்கரைப் பக்கம் வீடு கட்டியவர்களைக் கேட்டால், சன்னல் கம்பிக்கு வருடா வருடம் பெயின்ற் அடிக்கிற கதையைச் சொல்வார்கள். ஆனால் போன மாரிக்குப் பிறகு அண்ணாவின் காரில் முன் கிறில் மஞ்சளாகி, ஓரங்களில் தோல் உரிவதுபோல் எழும்பியபோது, பூசிக் கொடுத்த கடைக்காரரும் அதே காரணத்தைத்தான் சொன்னார். "இஞ்ச உப்புக் காத்துக்கு எதுவும் நிக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்தப் பதில் எனக்குச் செமிக்கவில்லை.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஒரு 121 கரோலா. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும் வரை, இருக்கிற வாகனத்தைக் காப்பாற்றி ஓட்டுவதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வழியாக இருந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் புதிய விலையைப் பார்த்தால் பழையதன் மேல் இன்னும் பாசம் கூடுகிறது. அப்படிப் புதுக்கி ஓட்டுகிறவர்களை நம்பித்தான் பிளாஸ்டிக் சாமான்களுக்குக் குரோம் அடித்துக் கொடுக்கும் சின்னச் சின்னக் கடைகள் எங்கள் பக்கத்திலும் கண்ணில் படத் தொடங்கின. ஓட்டோவின் முகப்பு, வானின் கண்ணாடி மூடி, மோட்டார் சைக்கிளின் பக்கத் தகடு, கல்யாணக் காரின் கிறில் என்று எதைக் கொண்டுபோனாலும் கண்ணாடிபோல் ஆக்கித் தருகிறார்கள். அண்ணாவுக்கும் "ஒரிஜினல் குரோம்" என்று சொல்லித்தான் அடித்துக் கொடுத்தார்கள். வாங்கி வந்த அன்று அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்போல் இருந்தது உண்மை.

நான் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அதனால் எனக்கு உறுத்தியது ஒரு சின்ன விஷயம்தான். குரோமியம் காற்றில் மஞ்சளாகாது. அதன் மேல் தானாகவே ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படை உருவாகி அதைக் காத்துக்கொள்ளும். குரோம் பூசிய பழைய மொறிஸ் மைனர் பம்பர் கறளாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பொட்டுப் பொட்டாய் உள்ளிருந்து சிவப்பு வெளியே வந்திருக்கும். அது அடியில் இருக்கிற இரும்பின் கறள். குரோம் தேநீர் நிறத்துக்கு மாறி யாரும் பார்த்ததில்லை. அப்படியானால் அண்ணாவின் கிறிலில் இருந்தது என்ன?

காரோடு வந்த பளபளப்பு

கம்பனியிலிருந்து வருகிற குரோம் கிறிலும் பிளாஸ்டிக்தான். மின்முலாம் பூச வேண்டுமென்றால் பொருள் மின்னைக் கடத்த வேண்டும், பிளாஸ்டிக் கடத்தாது. பிறகு எப்படி அதன்மேல் உலோகம் ஏறுகிறது என்பதுதான் இந்தத் தொழிலின் அழகான பகுதி. இதற்கென்று பெரும்பாலும் எடுப்பது ஏபிஎஸ் என்கிற பிளாஸ்டிக். பிட்டு மாவுக்குள் தேங்காய்ப்பூ கலந்து கிடப்பதுபோல, கடினமான பிளாஸ்டிக்குக்குள் நுண்ணிய ரப்பர்த் துணிக்கைகள் அதில் விரவிக் கிடக்கும். சூடான குரோமிக்கமிலமும் சல்பூரிக்கமிலமும் கலந்த தொட்டியில் தோய்த்தால், மேற்பரப்பில் இருக்கிற ரப்பர் மட்டும் அரித்துப்போய் அந்த இடங்களில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். அந்தக் குழிகளில் பலேடியம் என்ற உலோகத்தை விதைப்பார்கள். அது வினையைத் தூண்ட, மின்சாரமே இல்லாமல் நிக்கலோ செம்போ மெல்லிய படையாகப் படியும். குழிக்குள் இறங்கிப் பிடித்திருப்பதால் இலேசில் கழன்று வராது.

இப்போது மேற்பரப்பு மின்னைக் கடத்தும். அதன் பிறகு தடிப்பாகச் செம்பு, அதன்மேல் நிக்கல் படைகள், எல்லாவற்றுக்கும் மேலே குரோமியம். செம்பு அங்கே சும்மா இல்லை. ஏபிஎஸ் சூட்டுக்குச் செம்பைவிட நாலைந்து மடங்கு அதிகமாக விரியும். வெயிலில் நின்ற காரின் கிறில் விரிந்து, திடீர் மழையில் சுருங்கும்போது அந்த இழுபறியைத் தாங்குவது இந்த மென்மையான செம்புப் படைதான். கடைசியாகப் பூசுகிற குரோமியம் ஒரு மைக்கிரோமீற்றரில் கால்வாசி அளவுதான், அதாவது ஒரு மில்லிமீற்றரை நாலாயிரம் கூறு போட்டு அதில் ஒன்று. நாங்கள் குரோம் என்று பார்த்து இரசிக்கிற மினுக்கத்தில் பெரும்பங்கு அதற்கு அடியில் இருக்கிற நிக்கலுடையது. குரோமியம் அதைக் காவல் காக்கிறது, இலேசான நீலச் சாயலையும் கொடுக்கிறது.

இதை எங்கள் ஊரில் வைத்துச் செய்ய முடியுமா என்று கேட்டால், செய்யவே கூடாது என்பேன். அந்த அரிக்கும் தொட்டியில் இருப்பது ஆறு வலுவளவுள்ள குரோமியம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகச் சொல்லப்படுகிற முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அதைச் சேர்த்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டெம்பர் 21க்குப் பிறகு அனுமதி பெற்றவர்கள் மட்டும்தான் அந்தக் குரோமிக்கமிலத்தைச் செய்ய எடுக்கிற குரோமியம் மூவொட்சைட்டைப் பயன்படுத்தலாம். அப்படியான ஒன்றை வீட்டு வளவில் ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் கலக்கிக் காட்டுகிற வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. யாரும் அதைப் பார்த்து முயற்சி செய்ய வேண்டாம்.

கம்பனிக் குரோமும் அழியாத வரம் வாங்கி வந்ததல்ல. கல் தெறித்து ஒரு சின்னப் பொட்டு விழுந்தால், உப்புத் தண்ணீர் அதற்குள்ளால் இறங்கி நிக்கலைத் தின்னும், செம்பைப் பச்சையாக்கும், பிறகு படை கொப்புளமாக எழும்பும். அந்தக் கொப்புளத்தின் விளிம்பை விரலால் நோண்ட வேண்டாம். பிளேட் மாதிரி வெட்டும். கிறில் கழுவப் போய் விரலில் தையல் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அப்படிப் பழுதான பிளாஸ்டிக் கிறிலை இரும்புப் பம்பருக்கு முலாம் பூசுகிற இடத்துக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே இருக்கிறது உலோகத்துக்கான தொட்டிகள். ஆகவே மிஞ்சுகிற வழிகள் சில. குரோம் ஸ்ரிக்கர் ஒட்டலாம். வளைவுகளில் சுருங்கும், ஓரம் கிளம்பும், ஆனால் அது ஸ்ரிக்கர் என்று எல்லாருக்கும் தெரியும், கழற்றி எறியலாம். டப்பாவில் வருகிற குரோம் ஸ்பிறே அலுமினியத் தூள் கலந்த பெயின்ற். அடித்தவுடன் மினுங்கும், கை பட்டால் சாம்பலாகும், பாதுகாப்புக்குக் கிளியர் என்கிற நிறமில்லாத மேற்பூச்சை அடித்தால் மினுக்கமே போய்விடும். ஹெட்லைற்றின் உட்பக்கம் பளபளப்பது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். அதற்குக் காற்றை முழுவதும் உறிஞ்சி எடுக்கிற பெரிய அறை வேண்டும், சின்னக் கடைக்குச் சரிவராது. மிச்சமிருப்பது ஒன்று. அது எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே இருக்கிறது.

வெள்ளியாடி

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த எவருக்கும் அல்டிகைட்டுச் சோதனை ஞாபகம் இருக்கும். அமோனியா சேர் வெள்ளி நைத்திரேற்றுக்குள் குளுக்கோசுக் கரைசலை விட்டு மெதுவாகச் சூடாக்கினால் சோதனைக் குழாயின் உட்சுவர் கண்ணாடியாகும். பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்க்கிற சோதனை அது. இந்த வினையை 1835இல் கவனித்து எழுதியவர் ஜேர்மனியின் யுஸ்டஸ் வொன் லீபிக். அதற்கு முன் முகம் பார்க்கும் கண்ணாடிகளை வெள்ளீயமும் பாதரசமும் கலந்த இரசக்கலவையால் செய்தார்கள், அந்தத் தொழிலாளர்கள் பாதரச நஞ்சால் அழிந்தார்கள். லீபிக்கின் முறை பின்னாளில் அந்த இடத்தைப் பிடித்தது.

இன்றைக்குக் கடைகளில் "ஸ்பிறே குரோம்" என்ற பெயரில் நடப்பது இதே வினைதான். பிளாஸ்டிக்கை நன்றாகத் தேய்த்து, மினுங்கும் கறுப்பு அடிப்பூச்சு அடித்து, இறுக விடுவார்கள். அதன்மேல் வெள்ளீயக் குளோரைட்டுக் கரைசலைத் தெளித்துக் கழுவுவார்கள், வெள்ளி பிடிப்பதற்கு அதுதான் நிலத்தைத் தயார்செய்கிறது. பிறகு இரட்டை வாய் உள்ள துப்பாக்கியால் ஒரு வாயில் வெள்ளிக் கரைசலும் மறு வாயில் அதிலிருந்து வெள்ளியை உலோகமாகப் பிரிக்கிற தாழ்த்தும் கரைசலும் ஒன்றாகத் தெளிக்க, கறுப்புக் கண் முன்னாலேயே கண்ணாடியாக மாறும். கழுவி, காற்றடித்து உலர்த்தி, மேலே கிளியர். இதில் குரோமியம் ஒரு அணுகூட இல்லை.

வெள்ளி, கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் திருப்பி அனுப்பும். குரோமியம் அறுபத்தைந்து அளவில்தான். அதனால் புதிதாக அடித்த வெள்ளி உண்மையான குரோமைவிடப் பிரகாசமாகவும் கொஞ்சம் சூடான நிறமாகவும் இருக்கும். தெரிந்த கண் பார்த்தவுடன் பிடித்துவிடும். அதை மறைக்கக் கிளியருக்குள் ஒரு துளி நீலச் சாயம் கலப்பார்கள். வெள்ளி கறுக்கும் என்பது கொலுசு போட்ட எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஆகவே அண்ணாவின் கிறில் மஞ்சளானதற்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. ஆனால் மேலே கிளியர் மூடியிருக்கும்போது உப்புக் காற்று எப்படி உள்ளே போனது? அதுவும் ஒரே ஒரு மாரிக்குள்? அந்த மறுபாதி எனக்கு வேறொரு இடத்தில் கிடைத்தது.

பால் நிறமான தண்ணீர்

என்னிடம் படித்த ஒருவன் ஆரையம்பதிக்கு அங்கால சொந்த வளவில் ஸ்பிறே பெயின்ற் கொட்டகை வைத்திருக்கிறான். கெட்டிக்காரன். பல்கலைக்கழகம் போக ஒரு சொட்டுப் புள்ளிதான் குறைந்தது, அதற்குமேல் அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை. கடன் பட்டு இந்த வெள்ளி ஸ்பிறே சாமான்களை இறக்கியிருந்தான். ஒரு நாள் போன் எடுத்தான். "ரீச்சர், ஒருக்கா வந்து பாருங்க. எல்லாம் புத்தகத்தில சொன்ன மாதிரித்தான் செய்றன். மறுகா ஏன் இப்பிடிப் புள்ளி புள்ளியா வருது எண்டு விளங்குதில்ல."

போனேன். ஒரு கதவுப் பிடியும் இரண்டு கண்ணாடி மூடிகளும் மேசையில் இருந்தன. தூரத்தில் பார்க்க அருமையான வேலை. கிட்டப் பார்த்தால் கிளியருக்கு அடியில் புகைபோல ஒரு மங்கல், தண்ணீர்த் துளி காய்ந்த வட்டங்கள், ஓரத்தில் மஞ்சளின் தொடக்கம். அதே மஞ்சள். இவை இன்னும் வெயிலையோ கடற்காற்றையோ பார்க்கவில்லை, கொட்டகைக்குள்ளேதான் இருந்தவை.

"எந்தத் தண்ணியில கரைச்ச நீ?" என்று கேட்டேன்.

"கிணத்துத் தண்ணிதான் ரீச்சர். நல்ல தண்ணி. நாங்க குடிக்கிறது."

ஒரு கண்ணாடிக் குவளையில் அந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுத்து வரச் சொன்னேன். வெள்ளிக் கரைசல் இருந்த போத்தலில் இருந்து, அமோனியா சேர்க்கும் முன்னரே, சில துளிகளை அதற்குள் விட்டேன். துளி விழுந்த இடத்திலிருந்து வெண்மை புகையாய் இறங்கி, குவளை முழுக்கப் பாலாகிப் போனது. அவன் குவளையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்லிய குரலில், "இது நீங்க படிப்பிச்சது, ரீச்சர். குளோரைட்டுச் சோதனை" என்றான். பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு கானில் இருந்தது. அதில் சில துளி விட்டுக் காட்டினேன். தெளிவாகவே நின்றது.

எனக்குள் அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. கடலுக்கும் வாவிக்கும் இடையிலான இந்த மணல் நிலத்தில், எங்கள் நல்ல தண்ணீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கிற ஒரு மெல்லிய நன்னீர்ப் படை. நாக்குக்கு இனிப்பாக இருந்தாலும் அதில் உப்பின் ஒரு பாகமான குளோரைட்டு இருக்கிறது. வெள்ளி நைத்திரேற்றுக்கு அது போதும், வெள்ளிக் குளோரைட்டாகத் திரண்டுவிடும். அமோனியா சேர்த்ததும் அந்தத் திரள் ஓரளவு கரைந்து தெளிந்துவிடுவதால் வேலை செய்கிறவனுக்குக் கண்ணில் படுவதில்லை. அதைவிடப் பெரிய சேதம் கடைசிக் கழுவலில் நடக்கிறது. கிணற்றுத் தண்ணீரால் கழுவி உலர்த்தினால், காய்கிற ஒவ்வொரு துளியும் தன் உப்பை வெள்ளியின் மேல் விட்டுவிட்டுப் போகும். அதற்கு மேலே கிளியர் அடித்துப் பூட்டிவிடுகிறோம். கிளியர் என்பது கண்ணாடி அல்ல, மிக மெதுவாகத் தண்ணீரை உள்ளே விடும். மாரிக்காலத்தில் நாள் முழுக்க நனைந்து கிடக்கும்போது, உள்ளே இருக்கிற உப்பு ஈரத்தைத் தன் பக்கம் இழுக்கும். இழுக்க இழுக்கக் கிளியர் எழும்பும். உள்ளே ஈரமும் உப்பும் வெள்ளியும் ஒன்றாக இருந்தால் மஞ்சளாகாமல் என்ன செய்யும்?

உப்புத்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது காற்றில் வந்த உப்பு அல்ல, கழுவிய வாளியில் வந்த உப்பு. அண்ணாவின் கிறிலுக்கும் இதுதான் நடந்தது என்பது என் முடிவு. அவரிடம் சொன்னபோது, "இனி அந்தக் கதை வேண்டாம்" என்று, கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு பழைய கம்பனிக் கிறிலை எடுப்பித்துப் போட்டுக்கொண்டார். சரியான முடிவு. கொஞ்சம் கீறல் இருக்கிறது, குரோம் குரோமாகவே இருக்கிறது.

குழாய்த் தண்ணீர் பாவிக்கலாமா என்று மாணவன் கேட்டான். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் எங்கள் கிணற்றைவிட மென்மைதான், ஆனால் கிருமி கொல்லக் குளோரின் கலந்து வருகிறது. அதுவும் ஒண்ணாது. இப்போது கரைப்பது, கழுவுவது எல்லாம் அயன் நீக்கிய, அதாவது கரைந்த உப்புகளை எடுத்துவிட்ட தண்ணீரில். முதலில் பேட்டரித் தண்ணீர் வாங்கினான், கட்டுப்படியாகவில்லை. பிறகு அந்த உப்புகளைப் பிடித்துக்கொள்கிற பிசின் மணிகள் நிரப்பிய ஒரு குழாயைத் தேடிப் பிடித்து, தண்ணீரை அதற்குள்ளால் விட்டு எடுக்கிறான். ஒவ்வொரு முறையும் ஒரு துளி வெள்ளிக் கரைசலால் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கியைக் கையில் எடுக்கிறான். வேலை கண்ணாடிதான்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நல்ல தண்ணீரில் அவன் அடித்துக் காட்டிய அன்று, எல்லாரும் பொருளைப் பார்த்துக்கொண்டிருக்க நான் அவனுடைய காலடியைப் பார்த்தேன். தெளிப்பதில் பெரும்பகுதி பொருளில் தங்குவதில்லை. கறுப்பும் சாம்பலுமாக ஒரு தண்ணீர் மேசையிலிருந்து வழிந்து, கொட்டகைத் தரையால் ஓடி, தென்னை மரத்தடி மணலுக்குள் சுவறிக்கொண்டிருந்தது. அந்தத் தென்னைக்கும் கிணற்றுக்கும் ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. அவனுடைய அம்மா அந்தக் கிணற்றில் வாளி போட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம்தானே ரீச்சர்" என்றான். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான். ஆனால் கரைந்த வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் கொடிய நஞ்சு, மிகக் குறைந்த செறிவிலேயே மீன் குஞ்சையும் மீனுக்கு இரையாகிற நுண்ணுயிரையும் கொல்லும். வாவி நண்டும் இறாலும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஊர்கள் இவை. அதோடு வெள்ளீயம், அமோனியா, காரம், தின்னர். மணலுக்கு மேலே ஊற்றியது எங்கே போகும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிணறுகள் உப்பாகி, இறைத்து இறைத்துப் பார்த்தும் சரிவராமல், பவுசர்த் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அந்த நன்னீர்ப் படை எவ்வளவு மெல்லியது என்பது எங்கள் உடம்புக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். அவன் கோபப்படவில்லை. "அப்ப என்ன செய்ய?" என்று கேட்டான். வழி அந்தப் பால் நிறக் குவளையிலேயே இருந்தது. எந்தக் குளோரைட்டு வேலையைக் கெடுத்ததோ, அதே குளோரைட்டு வெள்ளியைத் தண்ணீரிலிருந்து பிடித்தும் தரும். கழுவிய தண்ணீர் முழுவதும் ஒரு நீலப் பீப்பாய்க்குள் விழும்படி மேசையைச் சரித்து வாய்க்கால் வைத்தோம். அன்றைய வேலை முடிந்ததும் அதற்குள் வினாகிரி ஊற்ற வேண்டும். இதைத் தவறவிடக் கூடாது. அமோனியா மிஞ்சியிருந்தால் வெள்ளிக் குளோரைட்டு திரும்பக் கரைந்துவிடும். அமோனியா மணம் முற்றாகப் போய், அமிலத்தைக் காட்டுகிற பாசிச்சாயத் தாள் சிவந்த பிறகு ஒரு பிடி கல்லுப்பு. தயிர் திரண்டதுபோல் வெண்மை கட்டி, ஒளி பட்டுச் சாம்பல் ஊதாவாகி, அடியில் படியும். மேலே தெளிந்ததைக் கிணற்றிலிருந்து தள்ளி, தாள் விரித்த ஆழமில்லாத சீமெந்துத் தொட்டியில் ஆவியாக விடுகிறான். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அது கிடுகிடுவென்று வற்றிவிடும். மாரியில் மேலே கூரை போட வேண்டியிருக்கிறது. அடியில் படிந்த சேற்றைக் காயவைத்துச் சேர்த்து வைத்திருக்கிறான். நகை வேலை செய்கிற ஒருவரிடம் காட்டினோம், அதிலிருந்து வெள்ளியைத் திரும்ப எடுக்கலாம் என்று அவர் சந்தோசமாக வாங்கிப் பார்த்தார்.

அமிலம் ஊற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதைப் படிக்கிற கடைக்காரர்கள் தயவுசெய்து கவனியுங்கள். கலந்து மிஞ்சிய அமோனியா வெள்ளிக் கரைசலை நாளைக்கு ஆகும் என்று போத்தலில் மூடி வைக்கக் கூடாது. நின்று காயக் காய, தொட்டாலே வெடிக்கக்கூடிய கறுப்புப் படிவு அதில் உருவாகும். ஆய்வுகூடத்தில் வெள்ளியாடி செய்து முடிந்த கையோடு அமிலம் விட்டு அழித்துவிடுவோம், ஒரு மணித்தியாலம்கூட வைப்பதில்லை. இவனுடைய தட்டில் அப்படி ஒரு சோடாப் போத்தல் இருந்தது. பக்கத்தில் அவனுடைய சின்ன மகளின் தண்ணீர்ப் போத்தல். அன்றைக்கே அமிலம் விட்டுச் செயலிழக்கச் செய்தோம். மறுகா அந்தத் தட்டில் போத்தல் எதுவும் வைப்பதில்லை.

கிளியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறுகவைக்கும் ஹாட்னர் கலந்து அடிக்கிற கிளியரில் ஐசோசயனேற்று என்கிற இரசாயனம் இருக்கிறது. அது நெஞ்சுக்குள் போய் உடம்புக்கு ஒவ்வாமல் ஆகிவிட்டால் ஆஸ்துமாவாக நிற்கும், பிறகு கொஞ்சம் பட்டாலே போதும் மூச்சு முட்ட. கொரோனாக் காலத்துத் துணி முகமூடி இதற்கு எதுவும் செய்யாது. வெளியிலிருந்து குழாயால் நல்ல காற்றுக் கொண்டுவருகிற முகமூடிதான் வேண்டும். அதன் விலையைக் கேட்டுவிட்டு அவன் பேசாமல் இருந்தான். இப்போதைக்குக் கரி வடிகட்டி உள்ள முகமூடி போடுகிறான், கொட்டகையின் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்திருக்கிறான். எனக்கு அது போதாது. பார்க்கிறபோதெல்லாம் சொல்கிறேன்.

எங்களுக்குள் தீராத பிணக்கு ஒன்று இருக்கிறது. காரின் உட்பக்கச் சாமான்களுக்கு, அதாவது கியர் சுற்று, டாஷ்போட்டின் வளையம், கதவின் உள்பிடி போன்றவற்றுக்கு இந்த வெள்ளி அருமையானது என்பது என் கருத்து. மழை படாது, கல் தெறிக்காது, பல காலம் நிற்கும். முன் கிறிலுக்கும் பம்பருக்கும் இதைச் செய்யவே கூடாது, பழைய கம்பனிச் சாமானைத் தேடி எடு, இல்லாவிட்டால் ஸ்ரிக்கர் ஒட்டு என்கிறேன். அவன் ஒத்துக்கொள்வதில்லை. "கல்யாணக் கார்க்காரன் ஒரு சீசன் மினுங்கினால் போதும் எண்டு கேட்டு வாறான் ரீச்சர், நான் திருப்பி அனுப்பினால் அவன் அடுத்த கடைக்குப் போவான், அங்க பீப்பாயும் இல்ல ஒண்டும் இல்ல" என்கிறான். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் பில்லில் "வெள்ளிப் பூச்சு" என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன், அதை மட்டும் கேட்டுக்கொண்டான். வெளிச் சாமானுக்கு எவ்வளவு காலம் நிற்கும் என்பதையும் வாயால் சொல்லிவிடுகிறான். சிலர் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

அவனுடைய விலை இப்போது மற்றவர்களைவிடக் கூட. தண்ணீர், வினாகிரி, தொட்டி எல்லாம் செலவுதான். பேரம் பேசி முடித்த ஒரு வான்காரர் அரைவாசி விலைக்கு வேறு இடத்தில் செய்துவிட்டு வந்து இவனிடமே காட்டினாராம். அன்று அவன் மனம் உடைந்து போயிருந்தான். விலை குறைவாக இருப்பதற்கு யாரோ ஒருவருடைய கிணறு காசு கொடுக்கிறது என்பதை வாடிக்கையாளர்களுக்கு யார் சொல்வது? அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அடுத்த முறை எதையாவது மினுக்கக் கொடுக்கும்போது, எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள், அது எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். கேட்பவர்கள் கூடினால் பீப்பாயும் கூடும்.

கல்முனைப் பக்கம் இதே வேலை செய்கிற ஒருவர், மாணவனின் கொட்டகைக்கு வந்து பீப்பாயைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். தன்னுடைய கடையிலும் செய்து காட்டச் சொல்கிறாராம். பாடசாலை விடுமுறை தொடங்கியதும் இருவருமாகப் போகிறோம். பாசிச்சாயத் தாளை நான் கொண்டுபோகிறேன், பீப்பாயை அவர் எடுத்து வைப்பார்.